டஸ்கீகித் தொழிற்பள்ளி

தொழிற்பள்ளி என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் இல்லங்களிற் பலவற்றில் ஒரு முகச்சுளிப்பு எழுவது வழக்கம். பரீட்சையில் தேறாத பிள்ளை போய்ச் சேரும் இடம் அது என்பது பலருடைய எண்ணம். பிள்ளையும் அவ்வெண்ணத்தைச் சுமந்துகொண்டே அதன் வாயிலில் நுழைகின்றான். அவனுக்கு எத்தனை நல்ல இயந்திரங்களை வாங்கிக் கொடுத்தாலும், எத்தனை திறமைசாலிகளான ஆசிரியர்களை அமர்த்தினாலும், தான் தள்ளப்பட்டவன் என்னும் நினைப்பு அவன் நெஞ்சை விட்டு அகலாதவரையில் அவன் கை உளியைச் செம்மையாகப் பிடிக்கப் போவதில்லை. ஆகவே, தொழிற்பள்ளி மாணாக்கரின் தேர்ச்சியை உயர்த்துவது எங்ஙனம் என்ற கேள்வியையும், அவர்களுடைய உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் பேணுவது எங்ஙனம் என்ற கேள்வியையும் வெவ்வேறாகப் பிரித்து விடை காண முடியாது. இதனை வெறும் வாதமாக நடத்திக்கொண்டிராமல் ஒரு பள்ளியின் சரித்திரத்தைக்கொண்டு ஆராய்வோம். அப்பள்ளி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்னும் சிற்றூரில் 1881ஆம் ஆண்டு தோன்றியது. அதிற் சேர்ந்தவர்கள் அடிமைகளாய்ப் பிறந்தவர்களும் அடிமைகளின் மக்களும் ஆவர்.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்குமுன் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவித்தலே குற்றமாயிருந்தது. விடுதலை கிடைத்தவுடன் அம்மக்களிடையே இருவேறு உணர்ச்சிகள் மேலெழுந்தன. ஒன்று, நூலின்மேல் தீராத பசி. பேரன் பேத்தி எடுத்த கிழவர்களும் இராப்பள்ளிகளில் உட்கார்ந்து அரிச்சுவடி பயின்றார்கள். மற்றொன்று, கைவேலையின்மேல் கொடிய வெறுப்பு. இவ்வெறுப்புக்காக அவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை. சாட்டைக்கு அஞ்சிச் செய்த வேலையை எவன்தான் நேசிப்பான்? விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் தோட்டத்துத் தகப்பன், தன் மகனாவது பேனா பிடித்துப் பிழைக்கட்டும் என்று நினைத்ததும் இதே ஊற்றிலிருந்து பிறந்த நினைப்பேயாகும்.

டஸ்கீகிப் பள்ளியை நடத்த வந்தவர் புக்கர் வாஷிங்டன். அவர் 1856ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தில் ஓர் அடிமைத்தாயின் வயிற்றில் பிறந்தவர். விடுதலைக்குப்பின் மேற்கு வர்ஜீனியாவில் உப்புக் காய்ச்சும் இடத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தார். கறுப்பு மக்களுக்கென்று ஹாம்ப்டன் என்னும் ஊரில் ஒரு பள்ளி இருப்பதாகச் சுரங்கத்துக்குள் இருவர் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்டு, 1872ஆம் ஆண்டில் பல நூறு மைல் கடந்து அங்குப் போய்ச் சேர்ந்தார். வழியில் ரிச்மண்டு நகரத்தில் பலகை நடைபாதையின் அடியிற் புகுந்து படுத்துறங்கினார். பள்ளி வாயிலை அடைந்தபோது கையில் இருந்தது ஐம்பது காசு. அழுக்கேறிய உடையோடு நின்ற அப்பையனைத் தலைமை ஆசிரியை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. பல மணி நேரம் காக்க வைத்தபின் ஓர் அறையைப் பெருக்கச் சொன்னார். பையன் மூன்று முறை பெருக்கினான். நான்கு முறை தூசி துடைத்தான். அம்மையார் தம் கைக்குட்டையால் மேசையையும் சுவரையும் தேய்த்துப் பார்த்தார். ஒரு துகளும் ஒட்டவில்லை. பரீட்சை தேறியாயிற்று! கணக்கிலும் இலக்கணத்திலும் அவனைச் சோதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

ஹாம்ப்டனில் நடந்த வேறொரு சிறு சம்பவம் இன்னும் முக்கியமானது. விடுதிக் கட்டிலில் இரண்டு விரிப்புகள் இருந்தன. முதல் நாள் இரவு வாஷிங்டன் இரண்டின் அடியிலும் படுத்தார். மறுநாள் இரண்டின் மேலும் படுத்தார். மூன்றாம் நாள் மற்றப் பையன்கள் படுப்பதைக் கடைக்கண்ணால் பார்த்து, இரண்டுக்கும் நடுவே படுக்கவேண்டும் என்று கற்றுக்கொண்டார். ஏழைப் பிள்ளை ஒருவன் புதிய பள்ளிக்கு வந்ததும் முதன்முதலில் அனுபவிப்பது இத்தகைய வெட்கத்தைத்தான். தெரியாததைக் கேட்க நாணி, பிறரைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக் கற்கிறான். கற்குமுன் நகைப்புக்கு ஆளானால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறான். அவ்வாறு போனவனை நாம் 'படிப்பு ஏறாதவன்' என்று கணக்கெழுதி விடுகிறோம். வாஷிங்டன் பின்னாளில் தம் பள்ளியில் படுக்கை விரிப்பதையும் பல் துலக்குவதையும் பாடமாகவே வைத்தார். எல்லாருக்கும் சொல்லித்தரப்படும் பாடமானால், ஒருவனும் வெட்கப்பட வேண்டியதில்லையன்றோ?

டஸ்கீகிப் பள்ளி பிறந்த கதையில் வாசகர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவ்வூரில் லூயிஸ் ஆடம்ஸ் என்பவர் இருந்தார். அவர் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்; தகரவேலை, செருப்புத் தைத்தல், குதிரைச்சேணம் செய்தல் ஆகிய மூன்று தொழில்களிலும் வல்லவர். 1880ஆம் ஆண்டுத் தேர்தலில் மாநிலச் சட்டசபைக்கு நின்ற வெள்ளையர் ஒருவர், கறுப்பு மக்களின் வோட்டைப் பெற்றுத் தரும்படி இவரை நாடினார். ஆடம்ஸ் தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் மக்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்றார். வோட்டு விழுந்தது, சட்டசபையும் ஆசிரியர் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கிற்று. நிலத்துக்கோ கட்டடத்துக்கோ ஒரு காசும் இல்லை. ஆகவே வோட்டுரிமையே அப்பள்ளியின் தாய் எனலாம். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. பின்னர் இது தேவைப்படும்.

1881 சூலை 4ஆம் நாள், ஒரு மாதாகோயிலையும் அதன் அருகிலிருந்த ஓட்டைக் குடிசையையும் இடமாகக்கொண்டு, 30 மாணாக்கரோடு பள்ளி தொடங்கிற்று. மழை பெய்தால் ஒரு மாணாக்கன் எழுந்து வந்து, பாடங்கேட்கும் ஆசிரியரின் தலைக்குமேல் குடை பிடித்து நிற்பான். அம்முப்பதின்மரில் பலர் ஏற்கனவே கிராமப் பள்ளிகளில் ஆசிரியராயிருந்தவர்கள். ஒரு சிலருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. தாம் படித்த நூல்கள் எவ்வளவு பெரியவை, பாடங்களின் பெயர்கள் எவ்வளவு நீண்டவை என்பதில் அவர்களுக்குப் பெருமிதம் மிகுதி. கனமூலம் காணும் சூத்திரத்தை ஒப்பித்தவர்களுக்குப் பெருக்கல் வாய்பாடு சரியாகத் தெரியவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களைச் சுற்றிப் பார்க்கையில் வாஷிங்டன் கண்ட காட்சி ஒன்றை அவரே தம் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்: ஒற்றை அறைக் குடிசை, முற்றமெல்லாம் புதர், உடையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, நடுவில் ஓர் இளைஞன் பிரெஞ்சு இலக்கணம் படித்துக்கொண்டிருக்கிறான்.

இக்காட்சியைச் சொல்லிச் சிரிப்பவர் பலர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்விளைஞனுக்கு நூலின்மேல் இருந்த வேட்கை பழுதானதன்று. அந்நூலுக்கும் அவன் வீட்டு முற்றத்துக்கும் இடையே பாலம் போட்டுக்கொடுக்க ஒருவரும் வரவில்லை என்பதே பழுது. வாஷிங்டனும், ஆறு வாரங்கழித்து அவருக்குத் துணையாய் வந்த ஒலிவியா டேவிட்ஸன் என்னும் ஆசிரியையும் செய்ய முயன்றது அப்பாலத்தையே.

ஊருக்கு ஒரு மைல் தொலைவில் பாழடைந்த தோட்டம் ஒன்று 500 டாலருக்கு விலைக்கு வந்தது. நிலம் 100 ஏக்கர். ஹாம்ப்டன் பள்ளியின் பொக்கிஷதாரர் தம் சொந்தப் பணத்திலிருந்து 250 டாலர் கடன் கொடுத்தார். எஞ்சியதை விருந்து நடத்தியும் வீடுவீடாய்ப் போய்க் கேட்டும் சேர்த்தார்கள். துரைமாளிகை முன்னரே எரிந்துபோயிருந்தது. மிஞ்சியவை ஒரு குடிசை, ஒரு பழைய சமையலறை, ஒரு குதிரைலாயம், ஒரு கோழிக்கொட்டகை. லாயமும் கொட்டகையும் வகுப்பறைகளாயின. கோழிக்கொட்டகையில் பள்ளியா என்று நகைக்க வேண்டா. மலாயாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்து நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. அதன்பின் நம் தோட்டங்களில் எழுந்த பள்ளிகளிற் பல எத்தகைய கொட்டகைகளில் நடந்தன என்பது நம் பெரியவர்கள் அறிந்ததே. வேறுபாடு எங்கே இருக்கிறதென்றால், டஸ்கீகியில் கொட்டகையைத் தூய்மை செய்தவர்களே அடுத்துக் கட்டடத்தையும் எழுப்பினார்கள்.

காடு வெட்டிப் பயிரிட வேண்டுமென்று வாஷிங்டன் சொன்னபோது மாணாக்கர் முகம் சுளித்தனர். ஆசிரியராக வந்த நாங்கள் கோடரி பிடிப்பதா என்று முணுமுணுத்தனர். அவர் வாதாடவில்லை. பள்ளி விட்டதும் தாமே கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். தலைமையாசிரியர் வேர்வை சிந்துவதைக் கண்டபின் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தனர். சுமார் 20 ஏக்கர் திருத்திப் பயிரிடப்பட்டது.

முதற் சில ஆண்டுகளில் விடுதி வாழ்க்கை மிகப் பரிதாபமாயிருந்தது. போர்ட்டர் மண்டபம் என்னும் முதற் கட்டடத்தின் அடியில் மண்ணைத் தோண்டி எடுத்து, அந்த இருட்டு அறையில் சமையலும் சாப்பாடும் நடத்தினார்கள். நேரத்துக்குச் சோறில்லை, கிடைத்தாலும் ஒருநாள் உப்பில்லை, ஒருநாள் வேகவில்லை. ஒரு காலையில் உணவு கிடைக்காத மாணவி ஒருத்தி, தண்ணீராவது குடிப்போம் என்று கிணற்றடிக்குப் போனாள். அங்கே கயிறு அறுந்து கிடந்தது. இந்தப் பள்ளியில் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை என்று அவள் அலுத்துச் சொன்னது வாஷிங்டனின் காதில் விழுந்தது. தம் வாழ்க்கையில் அவ்வளவு மனச்சோர்வு தந்த சொல் வேறில்லை என்று அவர் எழுதினார். அதை எழுதி வைத்தாரே, அதுதான் பெரிது! பள்ளியின் குறையைச் சொன்ன பிள்ளையை அடக்கமற்றவள் என்று தண்டித்து அனுப்பும் தலைமையாசிரியர்கள் உலகில் குறைவல்லர். பின்னாளில் அவ்விருட்டறை போய், பெரிய காற்றோட்டமான போஜனசாலை வந்தது. மேசைமேல் விரிப்பும் பூவும் இருந்தன. உணவிற் பெரும்பகுதி மாணாக்கரே விளைவித்தது. மெத்தைக்கு வகையில்லாத நாட்களில் மலிவுத் துணியைப் பையாகத் தைத்து, ஊசியிலை மரத்துச் சருகை நிரப்பினார்கள். அதிலிருந்தே மாணவிகளுக்கு மெத்தை செய்யும் தொழில் ஒன்று உண்டாயிற்று.

செங்கல் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டடம் எழுப்பக் கல் வேண்டும். ஊரில் காளவாய் இல்லை. எனவே நாமே கல் அறுப்போம் என்று தொடங்கினார்கள். சரியான மண் கிடைக்கப் பல இடங்களில் தோண்டிப் பார்க்க நேர்ந்தது. முழங்கால் அளவு சேற்றில் மணிக்கணக்காக நின்று மண் மிதிக்க வேண்டும். இவ்வேலை பிடிக்காமல் பள்ளியையே விட்டுப் போனவர்களும் உண்டு. கல் அறுப்பது எளிது, சுடுவதிலேதான் வித்தை இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 25,000 கல்லை அறுத்து அடுக்கி மூட்டிய முதற் சூளை வீணாயிற்று. இரண்டாவதும் வீண். மூன்றாவது சூளை ஒரு வாரம் எரிந்தது. இன்னும் சில மணி நேரத்தில் கல் எடுக்கலாம் என்றிருந்தபோது நள்ளிரவில் சரிந்து விழுந்தது. கையில் காசில்லை. விட்டுவிடலாம் என்று ஆசிரியர்களிற் பலர் சொன்னார்கள். வாஷிங்டன் தம் கடியாரத்தை எடுத்துக்கொண்டு மண்ட்கமரி நகரத்து அடகுக்கடைக்குப் போனார். பதினைந்து டாலர் கிடைத்தது. நான்காவது சூளை வெந்தது. கடியாரம் தவணை கடந்து மூழ்கிப் போயிற்று!

இருபது ஆண்டுகளுக்குள் அப்பள்ளி மாணாக்கர் ஒரு பருவத்தில் 12 இலட்சம் முதல்தரக் கல் சுட்டார்கள். கறுப்பர் பள்ளி வந்தால் தங்கள் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் கேடு என்று அஞ்சிக்கொண்டிருந்த வெள்ளையர்கள், நல்ல கல் கிடைக்கிறதென்று கேட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். விற்பவன், வாங்குபவன் என்ற உறவு ஏற்பட்டபின் பேச்சின் தொனியே மாறியது. ஆயினும் நாம் இங்குப் போற்றுவது விற்பனையை அன்று. மூன்று சூளைகள் பாழாகியும் அம்மாணாக்கருக்கு 'தேறவில்லை' என்று எவரும் சீட்டுக் கிழித்துக் கொடுக்கவில்லை. ஏட்டுப் பரீட்சையில் தவறு செய்தவனுக்குக் கிடைப்பது சிவப்புக் கோடு. சூளையில் தவறு செய்தவனுக்குக் கிடைப்பதோ, எங்கே தவறினோம் என்று பார்த்து மறுபடி அடுக்கும் வாய்ப்பு. பாடத்தில் பலமுறை தோற்று மனம் முறிந்து வருகின்ற பிள்ளைக்குத் தொழிற்பள்ளி அளிக்கத்தக்க மருந்துகளில் இதனினும் சிறந்ததை நாம் அறியோம். ஆனால் அச்சூளை உண்மையான சூளையாயிருத்தல் வேண்டும். வேகும் கல்லால் ஒரு கட்டடம் எழும்ப வேண்டும். பயிற்சிக்கென்று எதையோ செய்து அப்புறம் குப்பையிற் கொட்டும் வேலையால் இப்பயன் விளையாது. 1901ஆம் ஆண்டளவில் அங்கிருந்த 40 கட்டடங்களில் நான்கைத் தவிர மற்றவை யாவும் பெரும்பாலும் மாணாக்கர் கையால் எழும்பியவை. புதிதாய் வந்த பையன் சுவரிலே கத்தியால் கீறப் போனால், அது எங்கள் கட்டடம், நான் கட்டியது என்று பழைய மாணாக்கன் தடுப்பான். காவற்காரனை வைத்துப் பெற முடியாத காவல் அது.

பல் பிரஷ்ஷைப்பற்றி ஒரு வார்த்தை. பிரஷ் இல்லாமல் ஒருவனும் பள்ளியில் இருக்கக்கூடாது என்பது விதி. இவ்விதி எவ்வளவு பரவிற்றென்றால், வேறு உடைமை ஒன்றுமில்லாமல் பிரஷ்ஷை மட்டும் எடுத்துக்கொண்டு சேர வந்தவர்களும் உண்டு. ஒரு காலையில் மூன்று மாணவிகளின் அறைக்குள் ஆசிரியை போய், பிரஷ் இருக்கிறதா என்று கேட்டார். ஒருத்தி பெருமையோடு ஒன்றைக் காட்டி, இது எங்கள் மூவருடையது, நேற்றுத்தான் பங்கு போட்டு வாங்கினோம் என்றாளாம்! குளியல், இரவு உடை, இரு விரிப்புக்கு நடுவே உறங்குதல், சட்டையில் பொத்தான் அறுந்திருக்கக் கூடாது, எண்ணெய்க் கறை இருக்கக்கூடாது — இவை யாவும் நாள்தோறும் பார்வையிடப்பட்டன. காலை 8.25க்கு மாணாக்கர் வரிசையில் நிற்பார்கள். இதைப் படிக்கும்போது தோட்டத்துப் பெரட்டு நம் நினைவுக்கு வருகிறது. அங்கும் வரிசை, இங்கும் வரிசை. கங்காணியின் வரிசையில் எண்ணப்படுவது கைகள். டஸ்கீகி வரிசையில் பார்க்கப்படுவது அம்மனிதன் தன் உடம்பை மதிக்கிறானா என்பது. வாஷிங்டனைக் குறைகூறுபவர்கள் இத்தூய்மைப் பித்தை வெள்ளையருக்கு நல்ல பிள்ளையாகும் முயற்சி என்பார்கள். அதில் சிறிது உண்மை உண்டு. எனினும், நோயின்றி இருத்தலும் நாற்றமின்றி இருத்தலும் ஏழைக்கும் உரியவை என்று ஒருவர் சொல்லிக் கொடுத்ததைப் பிழை என்று நாம் சொல்லமாட்டோம்.

பள்ளியின் கால அட்டவணை நமக்கு உவப்பாயில்லை. காலை 5 மணிக்கு எழுப்பும் மணி, 6 மணிக்கு உணவு, அறை துப்புரவு, 6.50க்கு வேலை மணி. பிறகு படிப்பும் வகுப்பும் தொழிலும் மாறி மாறி இரவு 9.30 வரையில். இவ்வடுக்கில் விளையாட்டுக்கென்று ஒரு மணிநேரத்தைத் தேடிக் காணோம். மாதம் எட்டு டாலர் கட்ட இயலாதவர்களுக்காக ஏற்பட்ட இராப்பள்ளியோ இன்னும் கடுமையானது: பகலில் பத்து மணிநேரம் தொழில், மாலையில் இரண்டு மணிநேரம் படிப்பு. அவர்கள் பகலில் ஈட்டிய கூலியில் சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சியது பள்ளிப் பொக்கிஷத்தில் சேர்ந்து, ஓரிரண்டு ஆண்டு கழித்துப் பகற்பள்ளியிற் சேர உதவிற்று. பகற்பள்ளியில் வாரத்தில் நான்கு நாள் படிப்பு, இரண்டு நாள் தொழில். பன்னிரண்டு பேரோடு தொடங்கிய இராப்பள்ளியில் 1901ஆம் ஆண்டளவில் 457 பேர் இருந்தனர். இத்தொகையைக் கண்டு வியப்பது சரியே. பத்து மணிநேரம் உழைத்த இளம் உடம்பு, விளக்கடியில் உட்கார்ந்து எவ்வளவு கற்றிருக்கும் என்று கேட்பதும் சரியே. மன உறுதி மிக்கவர்கள் கரையேறினார்கள். மற்றவர்கள் வழியில் நின்றிருப்பார்கள். அதே அட்டவணையில் ஒரு சிறு பகுதி மட்டும் நம் உள்ளத்தைக் கவர்கிறது. காலை 8.55க்கு அன்றாடச் செய்திகளுக்கென்று ஐந்து நிமிஷம்! செங்கல் அறுக்கும் பிள்ளை உலகத்தில் நடப்பதை அறிந்துகொண்டு வகுப்புக்குள் போகவேண்டும் என்று எண்ணியிருக்கிறார்கள்.

இதனினும் அரியது மற்றொன்று. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, பள்ளியைப்பற்றிய குறைகளையும் யோசனைகளையும் தமக்குக் கடிதமாக எழுதும்படி வாஷிங்டன் மாணாக்கரைக் கேட்டார். கடிதம் எழுதாத காலத்தில் அவர்களைக் கூட்டி வைத்து மனம்விட்டுப் பேசச் செய்தார். இக்கடிதங்களே தமக்குப் பெரிதும் உதவின என்று அவர் சொல்லியிருக்கிறார். கிணற்றடிப் பெண்ணின் சொல் வீண்போகவில்லை போலும். மாணாக்கர் நலத்தைப்பற்றி இக்காலத்தில் குழுக்கள் கூடுகின்றன, அறிக்கைகள் வெளிவருகின்றன. பிள்ளைகளையே கேட்டுப் பார்ப்போம் என்று நினைக்கும் தலைமையாசிரியர் எத்தனை பேர்?

பெற்றோர் எதிர்ப்பும் இருந்தது. என் மகனுக்கு நூலை மட்டும் சொல்லிக்கொடுங்கள், வேலை வாங்காதீர்கள் என்று கடிதங்கள் வந்தன. சிலர் நேரிலும் வந்தார்கள். அவர் ஊர்ஊராய்ப் போய்ப் பேசினார். ஏட்டுக் கல்வியையும் பட்டறையையும் இணைக்குமாறு ஆசிரியர்களை வற்புறுத்தினார். தச்சுப் பட்டறையின் அளவுகள் கணக்கு வகுப்புக்கு வந்தன, பட்டறை வேலை கட்டுரைக்குப் பொருளாயிற்று. ஆசிரியர்களில் எல்லாரும் இதனை விரும்பினார்கள் என்று சொல்வதற்கில்லை.

இனி, வோட்டுக்கு வருவோம். 1895 செப்டம்பரில் அட்லாண்டா நகரத்துக் கண்காட்சியில் வாஷிங்டன் பேசிய பேச்சு அவரை நாடறிந்தவராக்கியது. அரசியல் உரிமைக்கும் சமூக சமத்துவத்துக்கும் இப்போது அவசரப்படாமல், கைத்தொழிலாலும் பொருளாலும் முதலில் காலூன்றுவோம் என்பது அதன் சாரம். வெள்ளையர் கைதட்டினர், பணமும் கொடுத்தனர். ஆறே ஆண்டில், 1901இல், அலபாமா மாநிலம் புதிய அரசியற்சட்டம் இயற்றிக் கறுப்பு மக்களில் மிகப் பெரும்பாலோரின் வோட்டைப் பறித்தது. எந்த வோட்டு டஸ்கீகிப் பள்ளியைப் பெற்றதோ அந்த வோட்டு! 1903ஆம் ஆண்டில் வில்லியம் டுபாய்ஸ் என்னும் கறுப்பறிஞர் தம் நூலொன்றில் வாஷிங்டனை நேர்நின்று மறுத்தார். உரிமையில்லாதவன் தன் தொழிலையும் சொத்தையும் காப்பாற்ற இயலாது. தொழிற்பள்ளிக்கு ஆசிரியரைத் தருவதே உயர்கல்லூரிதான். அக்கல்லூரியைத் தாழ்த்திப் பேசிவிட்டுத் தொழிற்பள்ளியை நடத்துவது எப்படி? — இதுவே அவர் வாதம்.

டுபாய்ஸ் பக்கமே நியாயம் மிகுந்திருக்கிறது என்பது நம் கருத்து. டஸ்கீகியையே பாருங்கள். அதன் கட்டடங்களிற் பலவற்றுக்குப் படம் வரைந்த ராபர்ட் டெய்லர், மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதற் கறுப்பர். 1892இல் டஸ்கீகிக்கு வந்தார். 1896இல் வந்து நிலவளத்தையும் நிலக்கடலையையும் ஆராய்ந்து புகழ்பெற்ற ஜார்ஜ் கார்வர், அயோவாக் கல்லூரியில் படித்தவர். மேற்படிப்பின் கதவு இவர்களுக்குத் திறந்திராவிட்டால் செங்கல் அறுத்த பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஆள் ஏது? டஸ்கீகியிலேயே கல்லூரி வகுப்புகள் 1920களின் பிற்பகுதியில்தான் ஏற்பட்டன. அதுவரை அங்கே ஏணியின் கீழ்ப்படிகள் உறுதியாயிருந்தன. மேற்படிகளுக்கு வேறிடம் தேட வேண்டியிருந்தது. வாஷிங்டனுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். வோட்டைப் பறித்த அலபாமாச் சட்டத்தை எதிர்த்து நடந்த வழக்குகளுக்கு அவர் இரகசியமாகப் பணம் கொடுத்து வந்தார் என்ற செய்தி, அவர் 1915இல் இறந்து நெடுங்காலத்துக்குப்பின் அவருடைய கடிதங்களிலிருந்து வெளிப்பட்டது. வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக ஒரு மனிதரை வாழச் செய்த அந்நாட்டு நிலைமையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தொழில்களின் நிலையும் மாறிக்கொண்டே வந்தது. வண்டி செய்தல், லாடம் அடித்தல், சேணம் தைத்தல் ஆகியவற்றை டஸ்கீகி செம்மையாகக் கற்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, மோட்டார் வண்டிகளும் பெரிய ஆலைகளும் அத்தொழில்களை விழுங்கத் தொடங்கின. நல்ல வேலைகளுக்குப் போனாலோ, வெள்ளைத் தொழிலாளரின் சங்கங்களிற் பல கறுப்பரைச் சேர்க்க மறுத்தன. எனவே கைவினைஞரானவர்களைவிட ஆசிரியரானவர்களே அப்பள்ளியிலிருந்து மிகுதியாக வெளிவந்தனர். இதனைச் சிலர் அதன் தோல்வியாகக் காட்டுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. உளியும் ஏரும் பிடிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஒரு கிராமத்துக்குப் போவதென்பது சிறு காரியமன்று. 1906இல் கார்வரின் யோசனைப்படி கருவிகளை ஏற்றிய குதிரைவண்டி ஒன்று பள்ளியிலிருந்து புறப்பட்டுக் குடியானவர்களிடமே போய் உழவும் பால்பண்ணையும் கற்பித்தது.

வாஷிங்டன் தம் கடைசி ஆண்டுகளில் சிகாகோ நகரத்துப் பெருவணிகர் ஜூலியஸ் ரோஸன்வால்டின் உதவியைக்கொண்டு, 1912ஆம் ஆண்டு தொடங்கி, கிராமங்களில் கறுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டும் வேலையில் இறங்கினார். முதலில் அலபாமாவில் ஆறு பள்ளிகள் எழுந்தன. செல்வர் முழுத்தொகையும் கொடுக்கவில்லை. ஊரார் ஒரு பங்கு தரவேண்டும் என்பது ஏற்பாடு. பருத்தி விற்ற காசைக் கொடுத்தவர்கள் சிலர். மரம் வெட்டிக் கொடுத்தவர்கள் சிலர். ஒன்றுமில்லாதவர்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். 1932ஆம் ஆண்டுக்குள் தென்மாநிலங்களில் அத்தகைய பள்ளிகள் ஏறத்தாழ 5,000 எழுந்துவிட்டன. தொடக்க ஆண்டுகளில் அவற்றுக்குப் படம் வரைந்து கொடுத்தவர்கள் டஸ்கீகி ஆசிரியர்கள். மின்சாரமில்லாத அவ்வூர்களில் பிள்ளைகளின் கண் கெடாமலிருக்க, வகுப்பறையின் ஒரு பக்கம் முழுதும் உயரமான சன்னல்களை வரிசையாக வைத்தார்கள். எழுதும் கையின் நிழல் ஏட்டில் விழாதபடி வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருமாறு பலகைகளைப் போட்டார்கள்.